வளையம் பொருந்துகிறது, கோள் இருக்கிறதா?

கேள்வி இதுதான்: "இளம் விண்மீன்களைச் சுற்றியுள்ள தூசி வட்டுகளின் படங்களில் வளையங்களும் இடைவெளிகளும் தெரிகின்றன. கம்ப்யூட்டரில் ஒரு கோளை வைத்து ஓட்டினால் அச்சு அசலாக அதே வளையம் வருகிறது என்கிறார்கள். அப்படியானால் அங்கே கோள் இருப்பது நிரூபணமாகிவிட்டதா, இல்லை வேண்டிய படம் வரும்வரை எண்களைத் திருகுகிறார்களா? இதை வீட்டுக் கணினியில் நானே ஓட்டிப் பார்க்க முடியுமா?" மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் கேட்க வந்தது ஒன்றுதான்: இந்தக் கணினி மாதிரிகளை எவ்வளவு நம்பலாம்? இந்த வட்டுகளில் வாயு எப்படி ஓடுகிறது என்பதைக் கணினியில் தீர்ப்பதே பல ஆண்டுகள் என் வேலையாக இருந்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நிரூபணமும் ஆகவில்லை, திருகலும் இல்லை. "இப்படி இருந்தால் இப்படித் தெரியும்" என்று சொல்வதுதான் மாதிரியின் வேலை. அதைத் திருப்பிப் போட்டு, "இப்படித் தெரிகிறது, ஆகவே இப்படித்தான் இருக்கிறது" என்று படிக்கும்போதுதான் வம்பு தொடங்குகிறது.

பின்னணியை இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். விண்மீன் பிறக்கும்போது அதைச் சுற்றி வாயுவும் தூசியும் சேர்ந்த தட்டையான வட்டு ஒன்று உருவாகிறது. அதில் பெரும்பகுதி ஹைட்ரஜன், ஹீலியம். தூசி நிறையில் நூறில் ஒரு பங்கு என்பது வழக்கமான தொடக்க ஊகம். சில பத்து லட்சம் ஆண்டுகளில் வட்டு கலைந்துவிடும், அதற்குள் கோள்கள் உருவாகியாக வேண்டும். சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் 5,000 மீட்டர் உயரத்தில் 66 ஆன்டெனாக்களோடு நிற்கும் அல்மா தொலைநோக்கி, 2014 நவம்பரில் ஹெச்எல் டாரி என்ற விண்மீனின் வட்டைப் படமாக வெளியிட்டது. சுமார் 450 ஒளியாண்டு தொலைவு, வயது பத்து லட்சம் ஆண்டுக்கு மேல் இருக்காது. அவ்வளவு சின்ன வயதில் அத்தனை ஒழுங்கான வளையங்களை யாரும் எதிர்பார்க்கவில்லை. அதுவரை வட்டு என்றால் எங்கள் மாதிரிகளில் வழவழப்பான ஒரு பரப்புதான். அந்த ஒரு படம் வந்த பிறகு துறையின் பேச்சே மாறிவிட்டது.

உறுதியாகத் தெரிந்த பகுதியிலிருந்து வருகிறேன். விண்மீனின் ஈர்ப்பு, அதைச் சுற்றும் வேகம், வாயுவின் அழுத்தம், வாயுவுக்கும் துகளுக்கும் இடையிலான உராய்வு ஆகியவை பாடப்புத்தக இயற்பியல், இவற்றில் தகராறு இல்லை. வாயுவுக்கு அழுத்தம் உண்டு. உள்பக்கம் அழுத்தம் அதிகம், வெளியே குறைவு. அந்த அழுத்தச் சரிவு வாயுவைச் சற்றே வெளியே தள்ளித் தாங்குவதால், விண்மீனின் ஈர்ப்புக்கு ஏற்ற முழு வேகத்தில் வாயு சுற்ற வேண்டியதில்லை. பூமி இருக்கும் தூரத்தில் சுற்றுவேகம் நொடிக்கு 30 கிலோமீட்டர். வாயு அதைவிட நொடிக்குச் சுமார் 50 மீட்டர் மெதுவாகப் போகும். கல்லுக்கு அழுத்தத் தாங்கல் கிடையாது, அது முழு வேகத்தில் போக முயலும். ஆகவே கல்லுக்கு எப்போதும் எதிர்க்காற்று. எதிர்க்காற்றில் வேகம் இழந்த பொருள் விண்மீனை நோக்கிச் சரியும். மோசமான அளவு ஒரு மீட்டர் பாறை. அது ஏறக்குறைய அந்த 50 மீட்டர் வேகத்திலேயே உள்ளே விழும். 15 கோடி கிலோமீட்டரை நொடிக்கு 50 மீட்டரால் வகுத்துப் பாருங்கள், நூறாண்டு கூட வராது. 1977ல் வைடன்ஷில்லிங் எழுதிக் காட்டிய கணக்கு இது. வட்டின் ஆயுளோ பத்து லட்சங்களில். கோள் உருவாவதற்கு முன்பே அதற்கான கல்லெல்லாம் விண்மீனில் விழுந்துவிடும் என்ற சங்கடம் அன்றிலிருந்து இந்தத் துறையைத் துரத்துகிறது.

இதற்குள்ளேயே வளையத்துக்கான விடையும் ஒளிந்திருக்கிறது. வட்டின் ஏதோ ஓரிடத்தில் அழுத்தம் ஒரு மேடு போல உயர்ந்திருந்தால், மேட்டின் வெளிச்சரிவில் இருக்கும் துகளுக்கு எதிர்க்காற்று, அது உள்ளே வரும். உட்சரிவில் இருக்கும் துகளுக்குப் பின்காற்று, அது வெளியே போகும். இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து மேட்டின் உச்சியில் குவியும். அல்மா படத்தில் பளிச்சென்று தெரிவது பெரும்பாலும் இப்படிக் குவிந்த, மில்லிமீட்டர் வாக்கிலான துகள்கள்தான். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இதுவரை கோள் என்ற சொல் தேவைப்படவே இல்லை. வளையத்துக்குத் தேவை ஓர் அழுத்த மேடு, அவ்வளவே. கோள் அந்த மேட்டை உண்டாக்கும் வழிகளில் ஒன்று. அது தன் ஈர்ப்பால் வாயுவில் சுருள் அலைகளை எழுப்பும். அலைகள் கோண உந்தத்தை, அதாவது சுழற்சியின் உந்தத்தை, சுமந்து போய் இறக்கிவைக்கும். கோளின் பாதையை ஒட்டி வாயு விலகி ஒரு பள்ளம் விழும், பள்ளத்தின் வெளி ஓரத்தில் மேடு எழும். இதைக் கோல்ட்ரைக்கும் ட்ரெமெய்னும் 1979, 1980லேயே காகிதத்தில் எழுதிவிட்டார்கள். கணினி அதைச் சரிபார்த்தது, நுணுக்கம் சேர்த்தது. அலைகள் எழும், பள்ளம் விழும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகம் தொடங்குவது, மேட்டுக்கு வேறு காரணங்களும் இருப்பதால். ஹெச்எல் டாரி படம் வந்த மறு ஆண்டே, 2015ல், மூன்று கோள்களை வைத்து அந்த வளையங்களை அழகாக மீட்டெடுத்த ஓர் ஆய்வு வந்தது. வியாழனின் நிறையில் 0.2, 0.27, 0.55 மடங்கு எனக் கோள்களின் எடையையும் கொடுத்தது. படத்தையும் மாதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வாய்பிளக்க வைக்கும். அதே ஆண்டு இன்னொரு குழு, பனி உறையும் கோடுகளில் துகள்கள் வளர்வதால் வளையம் தோன்றலாம் என்றது. தண்ணீர், அம்மோனியா போன்ற ஒவ்வொரு பொருளும் அதனதன் வெப்பநிலையில் உறைகிறது, அந்தத் தூரத்தில் துகளின் ஒட்டும் தன்மை மாறுகிறது என்பது வாதம். காந்தப்புலம் வாயுவைப் பிடிக்கும் பகுதிக்கும் பிடிக்காத பகுதிக்கும் இடையிலான எல்லையில் வாயு தேங்கி மேடு உண்டாகும் என்றது மூன்றாவது. தூசியின் சொந்த ஈர்ப்பே மெல்ல மெல்ல வளையங்களாகக் கட்டும் என்பது நான்காவது. எல்லாமே தவறற்ற கணக்குகள், எல்லாமே வளையம் தந்தன. அந்த இடைவெளிகளில் ஒரு கோளும் இதுவரை நேரடியாக உறுதிசெய்யப்படவில்லை.

சரி, கோள்தான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். அதன் எடையை எவ்வளவு நம்பலாம்? இங்கேதான் நான் நிறைய நேரம் செலவிட்டிருக்கிறேன், கொஞ்சம் நின்று சொல்கிறேன். பள்ளத்தின் ஆழத்தைத் தீர்மானிப்பது மூன்று எண்கள்: கோளின் நிறை, வட்டின் தடிமன், வாயுவின் பாகுநிலை (அதாவது பிசுபிசுப்பு). கோள் பள்ளம் தோண்டும், வாயு வழிந்து வந்து மூடும், இரண்டுக்குமான இழுபறியில் ஆழம் நிலைகொள்ளும். பல சிமுலேஷன்களிலிருந்து கிடைத்த விதி இது: நிறையின் வர்க்கத்தை, தடிமன் விகிதத்தின் (வட்டின் உயரத்தை விண்மீனிலிருந்து உள்ள தூரத்தால் வகுத்தது) ஐந்தாம் அடுக்காலும் பாகுநிலையாலும் வகுத்தால் ஆழத்துக்கான அளவுகோல் கிடைக்கும். ஐந்தாம் அடுக்கு என்பதைக் கவனியுங்கள். தடிமனை 20 சதவீதம் கூடுதலாக எடுத்துவிட்டீர்கள் என்றால் அது இரண்டரை மடங்காகப் பெருகி, நீங்கள் சொல்லும் கோள் நிறையில் ஒன்றரை மடங்குக்கு மேல் பிழையாக வந்து நிற்கும். பாகுநிலையில் நூறு மடங்கு தவறினால் கோளின் நிறை பத்து மடங்கு தவறும். பத்து மடங்கு என்பது நெப்டியூனையும் வியாழனையும் குழப்பிக்கொள்ளும் அளவில் பாதிக்கு மேல் வந்துவிட்டது.

பாகுநிலையில் யார் நூறு மடங்கு தவறுவார்கள் என்று கேட்பீர்கள். எல்லோரும்தான். காரணம், அது வாயுவின் உண்மையான பாகுநிலையே அல்ல. மூலக்கூறுகள் உரசுவதால் வரும் பாகுநிலை இவ்வளவு பெரிய வட்டில் ஒன்றுமே செய்யாது. வட்டில் நடக்கும் கொந்தளிப்பை முழுதாகக் கணக்கிட முடியாததால், அதன் விளைவை ஒரே எண்ணுக்குள் அடைக்கிறோம். 1973ல் ஷகுராவும் சுன்யாயெவும் கருந்துளை வட்டுகளுக்காகக் கொண்டுவந்த ஆல்ஃபா அது. நேர்மையாகச் சொன்னால் நம் அறியாமைக்கு இட்ட கிரேக்கப் பெயர். 1991ல் பால்பஸும் ஹாலியும் சுழலும் வாயுவில் மெலிந்த காந்தப்புலமே பெரும் கொந்தளிப்பைக் கிளப்பும் என்று காட்டினார்கள். வெலிகோவ் 1959லும் சந்திரசேகர் 1960லும் வேறொரு சூழலில் கண்டுபிடித்து, வட்டுகளுக்கு யாரும் பொருத்திப் பார்க்காமல் விட்டிருந்த விஷயம்தான். ஆல்ஃபாவுக்கு ஆள் கிடைத்தாயிற்று என்று துறை நிம்மதிப் பெருமூச்சு விட்டது. ஆனால் காந்தப்புலம் வாயுவைப் பிடிக்க வேண்டுமென்றால் வாயு கொஞ்சமாவது அயனியாகியிருக்க வேண்டும். கோள் உருவாகும் வட்டின் நடுப்பகுதி குளிர்ந்தும் அடர்ந்தும் கிடப்பதால் அங்கே அது நடக்காது. காமி 1996ல் அதை "செத்த மண்டலம்" என்று அழைத்தார். இப்போது பலரும் சாய்வது, வட்டின் மேற்பரப்பிலிருந்து காந்தப்புலத்தோடு கிளம்பும் காற்று கோண உந்தத்தை எடுத்துப் போகிறது என்ற பக்கம். அப்படியானால் கொந்தளிப்பு சொற்பமே.

அளந்து பார்த்ததும் அதைத்தான் சொல்கிறது. ஹெச்எல் டாரியின் வட்டு நமக்குச் சாய்வாகத் தெரிகிறது. தூசி அடுக்கு தடிமனாக இருந்தால் இடைவெளிகள் சாய்வுப் பார்வையில் ஓரளவு மூடிக்கொண்டிருக்க வேண்டும். மூடவில்லை. அதை வைத்து 2016ல் கணக்கிட்டதில், விண்மீனிலிருந்து 100 வானியல் அலகு (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தூரம்) தூரத்தில் தூசி அடுக்கின் உயரம் ஒரு வானியல் அலகுதான் வந்தது. அதே இடத்தில் வாயு அதைப்போல் பல மடங்கு உயரம். கொந்தளிப்பு பலமாக இருந்தால் தூசி இப்படிப் படிந்திருக்காது. பத்தாயிரத்தில் சில பங்கு என்ற அளவில்தான் ஆல்ஃபா. நான் வேலைக்கு வந்த காலத்தில் நூறில் ஒரு பங்கு என்று கண்ணை மூடிக்கொண்டு போடுவோம். அந்தப் பழைய எண்ணில் ஓட்டிய எத்தனையோ முடிவுகளை, என்னுடையவற்றையும் சேர்த்து, இன்று மறுபடி படித்தால் அசௌகரியமாக இருக்கிறது.

கொந்தளிப்பு குறைந்தால் இன்னொரு வேடிக்கை நடக்கும். ஒரே கோள் பல இடைவெளிகளை வெட்டும். அலைகள் உடனே சாகாமல் உள்ளே வெகுதூரம் போய், அங்கே அதிர்ச்சி அலைகளாக உடைந்து, கோளே இல்லாத இடத்திலும் பள்ளம் போடும். 2018ல் அல்மா 20 வட்டுகளை நுணுக்கமாகப் படமெடுத்த தொகுப்பில் ஏஎஸ் 209 என்று ஒன்று உண்டு. அதன் பல இடைவெளிகளையும் ஏறக்குறைய 99 வானியல் அலகில் உள்ள ஒற்றைக் கோளால் விளக்கலாம் என்று காட்டியிருக்கிறார்கள். ஆக, "ஐந்து இடைவெளி, ஐந்து கோள்" என்று தலைப்பு போடும் செய்தியைப் பார்த்தால் கொஞ்சம் நிதானியுங்கள்.

வெப்பத்தை எப்படிக் கையாளுகிறோம் என்பது அடுத்த பலவீனம். வேலையைச் சுலபமாக்க, வாயுவை அழுத்தினாலும் சூடாகாது, விரித்தாலும் குளிராது, ஒவ்வொரு தூரத்திலும் நிலையான வெப்பநிலை என்று வைத்துக்கொள்வது நீண்ட கால வழக்கம். பூமி அளவுக் கோள்கள் வாயு வட்டில் உள்நோக்கி நகர்ந்து சில லட்சம் ஆண்டுகளிலேயே விண்மீனுக்கு அருகே போய்விடும் என்பது அந்தக் கணக்குகளின் முடிவு. நம் பூமி இங்கே இருப்பதே கேள்விக்குறியாயிற்று. 2006ல் பார்டெகூப்பரும் மெல்லெமாவும் வெப்பப் பரிமாற்றத்தைச் சேர்த்து ஓட்டியபோது, சில சூழல்களில் கோள் வெளிநோக்கி நகர்ந்தது. வேகம் கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை, இங்கே திசையே மாறிவிட்டது. ஒரு மாதிரியில் எதை விட்டார்கள் என்று கேட்காமல் அதன் முடிவைப் பற்றிப் பேசக்கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லும்போது நான் எடுத்துக்காட்டுவது இதைத்தான்.

இயற்பியல் போக, கணினியின் சொந்தத் தொல்லைகளும் உண்டு. வட்டைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் அடர்த்தி, வேகம், வெப்பம் எவ்வளவு என்று சிறு சிறு காலடிகளாக முன்னேற்றிக்கொண்டு போகிறோம். அந்தக் காலடி, எந்தத் தகவலும் ஒரு கட்டத்தைத் தாண்டிக் குதிக்காத அளவுக்குச் சிறிதாக இருக்க வேண்டும். 1928லேயே கூரண்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லூவி மூவரும் வகுத்த நிபந்தனை. உள் ஓரம் வேகமாகச் சுற்றுவதால் அதுவே மொத்த வட்டின் காலடியையும் குறுக்கிவிடும். 2000ல் மாஸே ஒரு தந்திரம் செய்தார். ஒவ்வொரு வளையத்துக்கும் சராசரிச் சுழற்சியைத் தனியே எடுத்து நகர்த்திவிட்டு, மிச்சமுள்ள வேறுபாட்டை மட்டும் கணக்கிடுவது. வேலை சுமார் பத்து மடங்கு வேகமாயிற்று. ஃபார்கோ என்ற அந்த நிரலின் வாரிசுகள் இன்றும் ஓடுகின்றன. அப்படியும் கட்டங்களின் எண்ணிக்கை நம்மை விடாது. ஆரத்தில் 512, சுற்றில் 1,024 என்று எடுத்தால் ஐந்தே கால் லட்சம் கட்டங்கள், சமாளிக்கலாம். உயரத்திலும் 128 சேர்த்தால் 6.7 கோடி. நுணுக்கத்தை மூன்று திசையிலும் இரட்டித்தால் கட்டங்கள் எட்டு மடங்கு, காலடி பாதி, வேலை பதினாறு மடங்கு. பத்து லட்சம் ஆண்டு எப்படி ஓட்டுகிறீர்கள் என்றால், பெரும்பாலும் ஓட்டுவதில்லை. சூரியன் எடையுள்ள விண்மீனிலிருந்து 100 வானியல் அலகில் ஒரு சுற்றுக்கு ஆயிரம் ஆண்டு ஆவதால், அங்கே பத்து லட்சம் ஆண்டு என்பது ஆயிரம் சுற்று, முடியும். பூமி இருக்கும் தூரத்தில் அதுவே பத்து லட்சம் சுற்று, அங்கே குறுக்குவழி தேடத்தான் வேண்டும்.

என் கதை ஒன்று. ஆரம்ப நாட்களில் ஒரு கணக்கை மூன்று வாரம் ஓட்டவிட்டேன். கோளுக்கு உட்புறம் இரண்டாவதாக ஒரு வளையம், கூர்மையாக, அழகாக வந்தது. புதிதாக ஏதோ பிடித்துவிட்டோம் என்று வரைபடம் வரைந்து, விளக்கமும் யோசித்து வைத்துவிட்டேன். குழுவில் மூத்தவர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, "உள் விளிம்பை ஒரு அலகு தள்ளி வைத்து ஓட்டு" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. ஓட்டினேன். வளையமும் ஒரு அலகு தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டது. கோளின் அலை என் கட்டத்தின் விளிம்பில் முட்டித் திரும்பி வந்து நின்ற அலையாக மேடு கட்டியிருக்கிறது. உண்மையான வட்டில் அங்கே சுவர் கிடையாது. விளிம்புக்கு அருகே அலையைத் தணித்துவிடும் முறையை, பல குழுக்கள் ஒரே கணக்கைத் தத்தம் நிரல்களில் ஓட்டி ஒப்பிட்ட 2006ஆம் ஆண்டு ஆய்வு பயன்படுத்தியது. நான் அதைப் படித்திருந்தேன், போடத்தான் சோம்பல். அன்றிலிருந்து எந்தப் புது அம்சம் தெரிந்தாலும் விளிம்பை நகர்த்து, நுணுக்கத்தை இரட்டி, முடிந்தால் வேறு வகை நிரலில் ஓட்டு என்பதுதான். கட்டங்களுக்குப் பதில் துகள்களாகவே வாயுவைக் கணக்கிடும் நிரல்கள் 1977 முதல் உண்டு, அவற்றின் பிழைகள் வேறு மாதிரியானவை. இரண்டும் ஒத்துப்போனால் கொஞ்சம் தூங்கலாம்.

தூசியிலிருந்து கோள்வரை மொத்தத்தையும் ஒரே சிமுலேஷனில் ஏன் காட்டுவதில்லை என்பதற்கும் இதுவே பதில். மைக்ரோமீட்டர் துகளிலிருந்து வட்டின் அகலம்வரை பத்தொன்பது பூஜ்யங்கள் இருக்கின்றன. எந்தக் கணினியும் அதை ஒரே கட்டத்தில் பிடிக்காது. துண்டு துண்டாகத்தான் செய்கிறோம். அதில் நான் அதிகம் மதிக்கும் துண்டு, 2005ல் யூடினும் குட்மேனும் கண்ட ஓட்ட நிலைகுலைவு. தூசி வாயுவைப் பதிலுக்கு இழுப்பதால், கொஞ்சம் கூட்டமாக இருக்கும் துகள்களுக்கு எதிர்க்காற்று குறைகிறது. அவை மெதுவாகச் சரியும்போது பின்னால் வருபவை வந்து சேர்கின்றன, கூட்டம் பெருகுகிறது. 2007ல் யொஹான்சன் குழுவின் சிமுலேஷனில் இப்படிச் சேர்ந்த கூட்டங்கள் தம் ஈர்ப்பாலேயே சரிந்து குறுங்கோள்களுக்கு நிகரான பொருட்களாயின. ஒரு மீட்டர் என்ற ஆபத்தான அளவைத் தாண்டிக் குதித்தாயிற்று. இதற்கு வானில் சாட்சியும் இருக்கிறது. நெப்டியூனுக்கு அப்பால் ஒன்றையொன்று சுற்றும் இரட்டைப் பொருட்களில் பெரும்பாலானவை, சூரியனைச் சுற்றும் அதே திசையிலேயே ஒன்றையொன்றும் சுற்றுகின்றன. 2019ல் ஒப்பிட்டபோது சிமுலேஷனும் அதையே தந்தது. ஆனால் இது தொடங்க வாயுவோடு ஒப்பிட்ட தூசியின் விகிதம் வழக்கத்தைவிடக் கூடியிருக்க வேண்டும், துகள்களும் ஓரளவு வளர்ந்திருக்க வேண்டும். அந்த நிலைக்கு எத்தனை வட்டுகள், எந்த இடத்தில் வருகின்றன என்பது திறந்த கேள்வி.

இத்தனைக்கும் மேல், வட்டில் எவ்வளவு வாயு இருக்கிறது என்பதே சரியாகத் தெரியாது. குளிர்ந்த ஹைட்ரஜன் மூலக்கூறு கிட்டத்தட்ட ஒளி விடுவதில்லை. கார்பன் மோனாக்ஸைடை அளந்து பெருக்கிக்கொள்கிறோம், அதுவோ பனியாக உறைந்தும் வேறு சேர்மங்களாக மாறியும் மறைகிறது. டிடபிள்யூ ஹைட்ரே வட்டில் 2013ல் ஹைட்ரஜன் டியூட்டரைடை (ஓர் அணு கனமான ஹைட்ரஜனாக இருக்கும் ஹைட்ரஜன் மூலக்கூறு) அளந்தபோது, வட்டின் நிறை சூரியனில் நூறில் ஐந்து பங்குக்கு மேல் என்று வந்தது. கார்பன் மோனாக்ஸைடு கணக்கு அதைவிடப் பல மடங்கு குறைவாகக் காட்டிக்கொண்டிருந்தது. மில்லிமீட்டர் துகள் வாயுவோடு எவ்வளவு இறுக்கமாக ஒட்டிப் போகும் என்பது வாயுவின் அடர்த்தியைப் பொறுத்தது, வளையத்தின் அகலம் அதைப் பொறுத்தது. ஓர் அறியாமை இன்னொன்றுக்குள் போய் உட்காருகிறது.

அப்படியானால் கோள் என்று எப்போதுதான் ஒப்புக்கொள்வது? எனக்கு மூன்று படிகள். வளையம் மட்டும் தெரிந்தால் அது சந்தேகக் கேஸ். வாயுவின் வேகத்திலும் தடம் தெரிந்தால் வழக்கு வலுவாகிறது. கோளுக்கு அருகே வாயுவின் சுற்றுவேகம் ஓரிடத்தில் மட்டும் நெளியும், உறைபனிக் கோடு அதைச் செய்யாது. ஹெச்டி 163296 வட்டில் 2018ல் இரண்டு குழுக்கள் தனித்தனி வழிகளில் இத்தகைய வேகத் தடங்களைக் காட்டின. ஒன்று 260 வானியல் அலகில் வியாழனைப்போல் இருமடங்கு நிறை என்றது, மற்றது 83, 137 அலகுகளில் வியாழன் நிறையுள்ள இரண்டு என்றது. கோளின் ஒளியே தெரிந்தால் பேச்சு முடிந்தது. பிடிஎஸ் 70 வட்டின் பெரிய வெற்றிடத்தில் 2018ல் ஒன்றும் 2019ல் இன்னொன்றுமாக இரண்டு கோள்கள் அகப்பட்டன. இரண்டுமே இன்னும் வாயுவை விழுங்கிக்கொண்டிருப்பதன் ஒளியும் தெரிகிறது. 2025ல் விஸ்பிட் 2 என்ற விண்மீனின் வளையங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் வியாழனைப்போல் சுமார் ஐந்து மடங்கு எடையுள்ள கோள் நேரடியாகப் படம் பிடிக்கப்பட்டது. இடைவெளியில் கோள் இருக்க முடியும் என்பது இனி ஊகமல்ல. எல்லா இடைவெளியிலும் இருக்கிறது என்று சொல்ல இந்தச் சில உதாரணங்கள் போதாது. கணிசமான இடைவெளிகளுக்குக் கோளே காரணமாக இருக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன், ஆனால் அது என் சாய்வு, அளவீடு இல்லை.

எண்களைத் திருகுவது பற்றி: ஆமாம், மாற்றிப் பார்க்கிறோம், அதை ஒளிக்கவும் இல்லை. ஆல்ஃபா இவ்வளவு, தடிமன் இவ்வளவு, துகள் அளவு இவ்வளவு என்று வரிசையாக ஓட்டி, எவையெல்லாம் படத்தோடு பொருந்துகின்றன என்று பார்ப்பதுதான் முறை. கிடைத்த அடர்த்தியிலிருந்து ஒளி எப்படி வரும் என்று இன்னொரு நிரலில் கணக்கிட்டு, தொலைநோக்கியின் மங்கலையும் சேர்த்த பிறகே ஒப்பிட வேண்டும். குறை எங்கே என்றால், நூறு ஓட்டங்களில் பொருந்திய ஒன்றின் படம் மட்டும் செய்தியில் வருவது. பொருந்திய மற்ற இருபது ஓட்டங்கள், வேறு நிறைகளோடு, கட்டுரையின் பின்பகுதி அட்டவணையில் கிடக்கும். முடிந்தால் அந்த அட்டவணையைத் தேடிப் படியுங்கள்.

வீட்டுக் கணினியில் ஓட்டலாமா? தாராளமாக. ஃபார்கோ3டி இலவசமாகக் கிடைக்கிறது, கிராஃபிக்ஸ் கார்டிலும் ஓடும். லினக்ஸ், ஒரு சி கம்பைலர், படம் வரையப் பைத்தான், இவை போதும். இரு பரிமாணத்தில், சில நூறு சுற்றுகளுக்கு, வியாழன் நிறைக் கோளோடு கிடைக்கும் தயார் உதாரணத்தையே முதலில் ஓட்டுங்கள், பள்ளம் விழுவது கண்முன்னே தெரியும். பிறகு ஆல்ஃபாவைப் பத்தில் ஒன்றாக்கிக் கோளையும் மெலிய வைத்து, அதே ஆழம் வருகிறதா பாருங்கள். மூன்றாவது ஓட்டத்தில் கோளையே எடுத்துவிடுங்கள். நிரலில் சில வரி மாற்றி, பாகுநிலை ஒரு குறிப்பிட்ட தூரத்தில் திடீரென்று குறையும்படி வையுங்கள், தூசியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்கு நேரம் அதிகம் பிடிக்கும், இரவில் விட்டுவிடுங்கள். கடைசியில் மூன்று படங்களையும் தொலைநோக்கி அளவுக்கு மங்கலாக்கி, பெயர் போடாமல் நண்பர் ஒருவரிடம் நீட்டி, எதில் கோள் இல்லை என்று கேட்டுப் பாருங்கள்.